என் கம்ப்யூட்டரின் குரலில் கை வைத்தவர்கள்

கண் தெரியாதவன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தால், அவன் கம்ப்யூட்டரின் குரல் ஆபீஸுக்கே பொதுச்சொத்தாகிவிடுகிறது. என்னைப் போலக் காதால் வேலை பார்ப்பவர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் படகு ஏஜென்சியில் எனக்கு வேலை. திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் வாசிக்கும். நான் கேட்டு டிக்கெட் போடுவேன்.

வேகம்

அது படபடவென்று வாசிக்கும். அந்த வேகம் இல்லாவிட்டால் வரிசை நகராது. ஒருநாள் டீ குடித்துவிட்டு வந்தால், தூக்கத்தில் உளறுவது போல இழுத்து இழுத்துப் பேசுகிறது. மேனேஜர் ராவ் சாரின் உபகாரம்! பல்லைக் கடித்துக்கொண்டு, இன்ஸர்ட், கன்ட்ரோல் இரண்டையும் அழுத்தியபடி மேல் அம்புக்குறியைப் பத்துத் தடவை தட்டி, பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தேன். அவருக்குக் கோபம். "அரே, நல்லதுக்குத்தானே ஸ்லோ பண்ணேன்? எனக்கே புரியல, உனக்கு எப்படிப் புரியும்?"

ஊமை

பக்கத்துக் கவுண்டர் பிஸ்வாஸ், நான் தட்டும் விசைகளைப் பார்த்தே கற்றுக்கொண்டவன். நான் சாப்பிடப் போன நேரத்தில் ஒலியைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டான். திரும்பி வந்தபோது முதல் ஆளாக நின்றவர், ரங்கத் ஊரிலிருந்து வந்த மீனவர் அந்தோணி அண்ணன். வயிற்றில் ஆபரேஷன் முடிந்த மனைவியை பெஞ்சில் சாய்த்துவிட்டு, ஊர் திரும்ப மறுநாள் படகுக்கு இரண்டு சீட் கேட்டார்.

கம்ப்யூட்டர் பேசவில்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். விசைகளைத் தட்டினேன். வேகம், சுருதி, ஒலி எல்லாம் ஒரே விசைகளில் அடுத்தடுத்து வரும். எதில் நிற்கிறோம் என்று அது சொன்னால்தான் தெரியும். அதற்கோ வாயே இல்லை. கடைசியில், சேமித்து வைத்த அமைப்புக்குத் திரும்பும் விசை நினைவுக்கு வந்தது: இன்ஸர்ட், கன்ட்ரோல், ஆர். குரல் வந்தது, சீட் போயிருந்தது. கடைசி இரண்டையும் விற்றது பிஸ்வாஸ்.

அந்தோணி அண்ணன் குரல் உடைந்துவிட்டது. "பஸ்ஸுல போயி, பாராடாங்ல எறங்கி ஃபெர்ரி ஏறி, அந்த ரோட்டுல குலுங்குனா தையல் பிரிஞ்சிராதா தம்பி?"

வேடிக்கை

பிஸ்வாஸ் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. எழுந்து தடவிக்கொண்டே போய் அவன் மேஜையில் ஓங்கி அறைந்தேன். "என்னடா பண்ணே?" என்று கத்தினேன். அவனுக்கு வெட்கமே இல்லை. "மஸாக் கியா யார், சும்மா வெளையாட்டு! வால்யூம்தானே கொறச்சேன், கண்ணையா புடுங்கிட்டேன்?"

புகார்

அந்த நிமிஷமே புகார் டைப் அடித்தேன். அந்த அக்காவுக்கு சீட் கிடைக்கும்வரை என் கவுண்டர் திறக்காது என்றேன். ராவ் சார் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் ஏஜென்சி தனக்கென்று பிடித்து வைத்திருந்த இரண்டு சீட்டை எடுத்துக் கொடுத்தார். அந்தோணி அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மனைவியை எழுப்பப் போனார். பிஸ்வாஸை லக்கேஜ் பக்கம் மாற்றினார்கள். அன்று சாயங்காலம் ராவ் சார் வந்து சமாதானம் பேசினார். "உன் மெஷின இனி யாரும் தொடமாட்டாங்க. லேகின் நீயும் கஸ்டமர் முன்னால வால்யூம் கம்மி பண்ணிக்கோ."

இந்தத் தொழிலில் காது கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, கம்ப்யூட்டரைப் பூட்டும் பாஸ்வேர்டும் நீளமாக இருக்கவேண்டும்.