பல்லி இன்னும் கொலுவில்தான் இருக்கிறது

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழஞ்சாமான் சந்தை கூடும். தெருவோரம் விரிப்பைப் போட்டு, ஓடாத கடிகாரம், காது உடைந்த கோப்பை, யாரோ செத்துப்போனவர்களின் மூக்குக்கண்ணாடி என்று பரப்பி வைத்திருப்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் அங்கே நான் முதல்முறையாகக் குனிந்து ஒரு ரப்பர் மிருகத்தைக் கையில் எடுத்தேன். கடைக்காரச் சீனர், "சூச்சு பெராப்பா ஊமோர்?" என்று கேட்டார். எனக்கு மலாய் தெரியும். ஆனால் அந்நிய ஆண்கள் பேசினால் கூச்சத்தில் காது அடைத்துப்போகும். என் வயதைக் கேட்கிறார் என்று நினைத்து அறுபத்தைந்து என்றேன். அவர் கேட்டது பேரனின் வயதை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம், "ஆச்சி, உங்க பேரனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று அரைத் தமிழில் கேட்பார். எனக்குப் பேரன் கிடையாது. அவை எனக்குத்தான் என்று நான் சொன்னதும் கிடையாது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு டைனோசர் என்றால் சினிமாவில் ஓடுகிற மிருகம். எனக்கு அது உள்ளங்கையில் அடங்குகிற சாமான். பழையதையும் புதியதையும் தொட்டே சொல்லிவிடுவேன். பழைய காலத்து பொம்மை வாலைத் தரையில் ஊன்றி, சோம்பேறி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இப்போது வருவது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். பழையதில் வர்ணம் தனியாகப் பூசியிருக்காது, பச்சை என்றால் உள்ளே வெட்டினாலும் பச்சைதான். வயிற்றைத் திருப்பினால் எழுத்து இருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வேறு யார் வீட்டுப் பிள்ளையோ கடித்த பல்தடம் தெரியும். இப்படி நாற்பத்து மூன்று சேர்த்தேன். எதையும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. நான் தேடியது ஒன்றைத்தான். அந்த ஒன்றை மட்டும் கேட்டால் கடைக்காரர் சுதாரித்துக்கொள்வார் என்று மற்றதையெல்லாம் வாங்கினேன்.

அப்பாவோடு கப்பலில் இந்த மலாய் நாட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. எங்களுக்கு அரியலூர்ப் பக்கம். அங்கே ஓடையில் நத்தைகள் கல்லாகிக் கிடக்கும், சுருட்டைச் சுருட்டையாக. அப்பா அதில் ஒன்றை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தார். அம்மா ஊரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். கோலா கங்சாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பா மரம் சீவினார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்துவிட்டு, பதின்மூன்று வயதில் கிராணி வீட்டு வேலைக்குப் போனேன். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். எங்களுக்கு அவர் பாதி துரை. அவர் மனைவியைக் கிராணியம்மா என்போம். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும், ரவி என்று ஒரே பையன்.

நவராத்திரிக்குக் கிராணி வீட்டில் மட்டும்தான் கொலு. கூலி வீட்டு வரிசையான லயத்து ஜனங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். அந்த வருஷம் என்னை உள்ளே விட்டு, பெட்டியைத் திறந்து பொம்மைகளைத் துடைத்துப் படியில் வைக்கச் சொன்னார்கள். துடைத்ததைக் கூடையில் போட்டேன். கூடையின் அடியில் ஒரு பச்சைப் பிராணி கிடந்தது. முதுகில் இரண்டு வரிசை தட்டு, மூன்றாவது தட்டு ஒடிந்திருந்தது, வாலில் பல்தடம். அது துரையின் பிள்ளை விளையாடி அலுத்து ரவிக்குக் கொடுத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? முருகனுக்கு மயில் இருக்கிறது, பிள்ளையாருக்கு எலி இருக்கிறது, கங்கையம்மாளுக்கு முதலை. இதுவும் ஏதோ சாமியின் வாகனம் என்று நினைத்து, மயிலுக்கும் நந்திக்கும் நடுவில் மரியாதையாக வைத்தேன்.

மாலையில் வெற்றிலைப்பாக்கு வாங்க வந்த வாத்தியார் சம்சாரம்தான் முதலில் பார்த்தாள். "என்ன கிராணியம்மா, பல்லிக்கெல்லாம் படி குடுத்துட்டீங்க?" வந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கொலுவில் ஏறிய பொம்மையை இறக்கும் நாள்வரை தொடக்கூடாது என்று காலையில்தான் கிராணியம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவரே அந்தப் பல்லியை வெடுக்கென்று பிடுங்கினார். என் காதைத் திருகி வெளியே தள்ளினார். அதோடு விட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். பொம்மைகளை எடுத்து வைத்த மறுநாள் ரவி பல்லியைக் கேட்டு அழுதான். காணவில்லை. அஞ்சலைதான் ஆத்திரத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று என் பெயரைச் சொல்லி முடிவுகட்டினார்கள்.

விடியற்காலை ஆள் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், இருநூறு பேருக்கு முன்னால், அப்பாவை முன்னே வரச் சொன்னார் கிராணி. "ஒம் பொண்ணு திருடி" என்றார். எங்கள் வீட்டுச் சட்டிபானையைக் கவிழ்த்துத் தேடினார்கள். அப்பாவின் கல்நத்தையை ஒருவன் வெளியே வீசினான், அவர் புல்லில் தடவி எடுத்துவந்தார். மரம் சீவிக்கொண்டிருந்தவரைப் புல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். முனியாண்டி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார் அப்பா. செய்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. "ஏய் பல்லித் திருடி, மடியில என்னாடி?" என்று தண்ணிக் குழாயடியில் கேட்காத வாய் இல்லை. என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரிடமும் யாரோ அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அப்பா இறந்தார். கடைசியாக, "எடுத்திருந்தா சொல்லிரு புள்ள, நான் ஒன்னும் செய்யமாட்டேன்" என்றார்.

நான் மறக்கவில்லை. புருஷன், பிள்ளை, ஈப்போ கையுறைத் தொழிற்சாலை வேலை எல்லாம் வந்து போயின. கை சும்மா இருக்கும் வயது வந்ததும் தேட ஆரம்பித்தேன். போன வருஷம் ஒரு ஞாயிறு, சீனர் என்னைத் தூரத்திலேயே பார்த்துக் கையாட்டினார். "ஆச்சி, இது பக்கத்து ஊரு லகாட்ல ஒரு வீடு. உங்க சாமி நிறைய. நடுவுல இது" என்று பெட்டியில் சுற்றியிருந்தபடியே ஒரு பழைய காகிதப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தேன். மூன்றாவது தட்டு ஒடிந்திருந்தது. வாலில் பல்தடம். பல்லியை வாங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டு அவர் காகிதத்தைக் கசக்கப் போனார். "கெர்த்தாஸ் மாவு!" என்று கத்திவிட்டேன், காகிதம் வேண்டும் என்று. தெருவே திரும்பிப் பார்த்தது. "குப்பை லா ஆச்சி" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அது தமிழ்ப் பேப்பர். தேதியைப் படித்தேன். என் கல்யாண வருஷம். அதாவது திருடி என்று சொல்லி நான்கு வருஷம் கழித்து. கொலு பொம்மையை வருஷத்துக்கு ஒருமுறை பிரிப்பார்கள், துடைப்பார்கள், காகிதம் கிழிந்திருந்தால் மட்டும் மாற்றிச் சுற்றி வைப்பார்கள். ஆத்திரத்தில் பிடுங்கிய பல்லியைக் கிராணியம்மாவே பொம்மைப் பெட்டிக்குள் திணித்திருக்கிறார். அடுத்த நவராத்திரிக்கே அது அவர் கைக்கு வந்திருக்கும். பேசாமல் திரும்பச் சுற்றி வைத்திருக்கிறார். இந்தக் காகிதம் அச்சான நாளில் என் அப்பா உயிரோடு இருந்தார், புல் வெட்டிக்கொண்டு.

கிராணியம்மா ஈப்போவில் ரவி வீட்டில் இருப்பது எனக்கு முன்பே தெரியும். அவர் மருமகள் நளினியும் என் பக்கத்து வீட்டுப் பவானியும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். என் கதை முழுவதும் தெரிந்தவள் பவானி ஒருத்திதான். போன நவராத்திரிக்கு நான் பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் கொலு வைத்தேன். ஏழு படி. ஒரு கும்பம், மீதி எல்லாம் மிருகம். உச்சிப் படியில், அந்தப் பேப்பரை விரித்து, அதன்மேல் பல்லி. பக்கத்தில் அப்பாவின் கல்நத்தை. பவானி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள். "அக்கா, இது கொலுவா, மிருகக்காட்சி சாலையா? சாமி ஒன்னுகூட காணோம் லா." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரிக்கா, நான் அந்தக் கிராணியம்மாவக் கூட்டிட்டு வாரேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் மாலை கிராணியம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நளினி தள்ளிக்கொண்டு வந்தாள். எண்பத்தெட்டு வயது, ஆனால் கண் கூர்மை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிராணியம்மா படிகளைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனார். உச்சியில் கண் நின்றது. யாரும் கேட்காமலே, "அது எங்க ரவி பொம்மை" என்றார். பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீ அந்த அஞ்சலைதானே? எங்க வீட்டுச் சாமான் இங்க எப்படி வந்துச்சு? கை நீட்டுற பழக்கம் இன்னும் போகலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நளினி பதறினாள்.

"ஐயோ அத்தே, என்ன பேசுறீங்க? லகாட் வீட்டக் காலி பண்ணப்ப நாந்தானே பொம்மைப் பெட்டிய லோரிக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்தேன். நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பாக்குறேன், பெட்டியத் தொறந்தா இது இருக்கும். படியில வைக்கவும் விடமாட்டீங்க, அவருக்குக் காட்டவும் விடமாட்டீங்க. நீங்களே அதே பேப்பர்ல சுத்தி வச்சிருவீங்க."

பவானி, "பல்லித் திருடி யாருன்னு இப்பத்தானே தெரியுது லா" என்றாள், எட்டுப் பேருக்கும் கேட்கும்படி.

நான் அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். "எங்கப்பா என்னைத் திருடின்னு நெனச்சிக்கிட்டே செத்தாரும்மா."

கிராணியம்மா புடவை முனையைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரரு மானம் என்னாவறது? அவரு பெரட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரே." பிறகு கையை நீட்டினார். "சரி, அத எடுத்துக் குடு. ரவிகிட்ட நானே குடுக்கணும்."

அந்தக் கையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் எல்லாம் வைத்தேன். சுண்டல் பொட்டலமும் வைத்தேன். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. "கொலுவுல ஏறுன பொம்மைய எறக்குற நாள் வரைக்கும் தொடக்கூடாதும்மா. நீங்க சொல்லிக்குடுத்ததுதான்" என்றேன்.

விஜயதசமி போனது. தீபாவளி போனது, தைப்பூசமும் போனது. என் வீட்டுக் கொலு இன்னும் இறங்கவில்லை. நளினி பவானி மூலம் கேட்டனுப்புகிறாள்: கிழவி தினமும் அதையே கேட்கிறதாம், சாப்பாடும் குறைந்துவிட்டதாம். "இன்னும் எறக்கலன்னு சொல்லு" என்கிறேன். போதும்மா, விட்டுவிடு என்று என் மகளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். கிழவிக்குப் பாக்கியிருக்கிற நாளை நானும் எண்ணித்தான் பார்க்கிறேன். அது முடிவதற்கு முன்னால் இறக்க மாட்டேன்.

ஒன்றுதான் குறை. அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவரைப் புதைத்த இடத்தில் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை நிற்கிறது, எந்த மரத்தடி என்று காட்ட ஆளில்லை. ஊரில் போய்ச் சொல்லலாமென்றால், எங்கள் ஓடையும் மேடும் சிமெண்டுக்காகத் தோண்டிய பள்ளத்துக்குள் போய்விட்டதாம். இந்த மிருகங்களின் முட்டைகள்கூட அந்தப் பக்கம் கல்லாகிக் கிடக்கின்றன என்று மகள் கைப்பேசியில் படம் காட்டினாள். எந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி, உச்சிப் படியிலிருந்து கல்நத்தையை எடுத்து, பொடிசான அந்தச் சுருளை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "நான் எடுக்கலப்பா" என்று சொல்கிறேன். சொல்லிவிட்டுப் பல்லிக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறேன்.