காலி என்று சொன்ன இடம்

என் அம்மாவின் தம்பி நகர அளவை ஆபீசில் மேப் வரைபவர். வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே சேர்ந்தவர். முப்பது வருஷத்தில் தான் போட்ட ஒரு கோட்டைக்கூட யாரும் அழித்துத் திருத்தியதில்லை என்று அவருக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் எங்களை நடுத்தெருவில் நிறுத்தியது.

துரை ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியதுதான் கட்டடம். அதை மட்டும் வரைய வேண்டும். தகரம், ஓலை, பலகை எதுவும் மேப்பில் வராது. துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பில் நூற்றுச் சொச்சம் வீடுகள், எல்லாம் தகரமும் ஓலையும். அந்தச் சந்துகளைச் சங்கிலி பிடித்து அளந்ததே மாமாதான். அளந்துவிட்டு, பேனா படாமல் வெள்ளையாக விட்டார். கூடப்பிறந்த அக்கா அங்கே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

துரைகள் கப்பலேறினார்கள். மேப் ஏறவில்லை. நம் ஆட்கள் அதே மேசையில் அதே மேப்பை விரித்து, துறைமுகத்துக்கு அகல ரோடு போட முடிவு செய்தார்கள். மேப்பில் உள்ள வீடுகளுக்கு மட்டும் மாற்று வீடு என்று அறிவிப்பு வந்தது. அம்மா தம்பியிடம் ஓடினாள்.

"ஒரு வார்த்தை சொல்லுடா. நாங்க அங்க இருக்கோம்னு சொன்னா போதும்."

"சொல்றேன்க்கா. நீ கவலைப்படாம போ."

மறுநாள் புது அதிகாரி அந்த வெள்ளையில் விரலை வைத்துக் கேட்டாராம்: "இந்த இடம் காலிதானே? இல்ல, வரையாம விட்டுட்டீங்களா?"

விட்டுவிட்டேன் என்றால் முப்பது வருஷப் பெருமை போயிற்று. "காலிதான் சார்" என்றார் மாமா.

ஒரே வாரத்தில் இடித்தார்கள். அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஊர்க்கோடிக்குப் போனாள். "என் தம்பி எவ்வளவோ சொல்லிப் பாத்தான், கேக்கத்தான் ஆளில்ல" என்று சாகும்வரை எல்லோரிடமும் சொன்னாள். மாமா எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் கண்ணை மூடிய பிறகுதான் என்னிடம் உண்மையைக் கக்கினார். ஒரு வருஷம் நான் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

அப்புறம் மாமி வந்து நின்றாள். "உன் மாமா விடிஞ்சதும் அந்த ரோட்டுக்குப் போயிடறாரு. என்ன செய்றாருன்னு நீயே வந்து பாரு."

போனேன். அகலமான நடைபாதை. மாமா அதில் நேராக நடக்கவில்லை. நாலு அடி வைத்து இடப்பக்கம் திரும்பினார். சுவரில் உரசாமல் போகிறவராய்த் தோளைக் குறுக்கினார். இல்லாத குழாயடியில் குடங்களைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தார். எங்கள் சந்துகள் அத்தனையும் அவருக்கு அங்கேயே இருந்தன. எனக்கு உடம்பு கூசியது. எந்தத் திருப்பம் எந்தச் சந்து என்று எனக்கும் தெரிந்துகொண்டே வந்தது.

ஓரிடத்தில் தலையைக் குனிந்து நுழைந்து, "அக்கா" என்று கூப்பிட்டார்.

காலி என்று சொன்ன வாய்தானே இது என்று கத்தத்தான் பக்கத்தில் போனேன். போன பிறகுதான் கவனித்தேன், அவர் நின்றது எங்கள் வீடே அல்ல. பக்கத்துத் தையல்காரர் வீடு. நாங்கள் அங்கே இருந்தவரை மாமா எங்கள் வீட்டுக்குள் வந்தது மிஞ்சிப் போனால் இரண்டு தடவை. தினமும் வீடு மாறிப் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்கம்மா" என்றார் என்னிடம்.

அவர் கையைப் பிடித்தேன். பத்தடி தள்ளிக் கூட்டிப்போய் நிறுத்தினேன்.

"இங்க மாமா. வாசல் தாழ்வு, தலை இடிக்கும்."

சொல்லிவிட்டு நானும் குனிந்தேன்.