முங்கின வண்டியும் என் வேலையும்

கார் விற்கிற தொழிலில் முதலில் விற்றுத் தீர்வது நம் பொறுமைதான். விலையைக் கேட்டுவிட்டு, "வீட்ல கலந்துக்கிட்டு வாரோம்" என்று நழுவிய கூட்டத்தில் நீங்களும் ஒருவர்தானே? வெட்கப்படாதீர்கள். அந்த வார்த்தையைத் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் நான். முன்னே புது கார் ஷோரூமில். இப்போது வண்ணார்பேட்டையில் பழைய கார் விற்கும் சுடலைமுத்து அண்ணாச்சி கடையில்.

காரே ஏன் இம்புட்டு விலை?

ஷோரூமில் இருந்தபோது, பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். விளம்பரத்தில் ஒரு விலை, நான் சொன்னது வேறு விலை. ஏன் என்று கேட்டார். ரோடு டாக்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் என்று ஆரம்பித்தேன். "அது கெடக்கட்டும், காரே ஏன் இம்புட்டு விலை?" என்றார். காற்றுப்பை, புகையைக் குறைக்கிற கருவி, கேமரா, டிவி மாதிரி ஒரு திரை என்று அடுக்கினேன்.

பாட்டுப் பெட்டிகூட வேண்டாம், சின்ன வண்டியாக ஒன்று போதும் என்றார். சின்ன வண்டியில் கம்பெனிக்கு லாபம் கம்மி, அதனால் அந்த ரகமே குறைந்துபோச்சு என்ற உண்மையையும் சொல்லித் தொலைத்தேன். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் முறைத்தார். வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"யம்மா, நான் கேட்டது ஒரு காரு. நீங்க டிவி, கேமரான்னு சீர்வரிசைல்லா வைக்கிய!"

அண்ணாச்சி வைத்த கெடு

ஷோரூமை விட்டு நான் அண்ணாச்சி கடைக்கு வந்த ஐப்பசியில், அவர் ஏலத்தில் ஒரு வெள்ளைக் காரை எடுத்து வந்தார். ஆறு கரை தாண்டி ஊருக்குள் வந்தபோது முங்கின வண்டி. எங்கள் மெக்கானிக் இசக்கி இன்ஜினைப் பிரித்துக் கழுவி, ஒயரிங் மொத்தத்தையும் மாற்றி, புது சீட்டும் போட்டுவிட்டான். நன்றாகத்தான் ஓடியது. விலையும் அதே ரகம் புதுசில் பாதிகூட இல்லை.

"முங்குன கதையை யார்ட்டயும் சொல்லாத" என்றார் அண்ணாச்சி. சொல்லாமல் விற்க மாட்டேன் என்றேன். பிள்ளைகுட்டியோடு போகிறவர்கள் நாளைக்கு நடுரோட்டில் நின்றால், என் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பேன்? அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீட்டு வாடகையும் மகள் காலேஜும் இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்று தெரிந்தேதான் சொன்னார்:

"அப்பம் உண்மையைச் சொல்லியே வித்துக் காட்டு தாயி, தை பொறக்கையில வண்டி இங்கன நின்னா, நீ இங்கன நிக்கப்படாது."

பாலம் வரைக்கும்

முதலில் வந்தவர் டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். முங்கின விஷயத்தைச் சொன்னேன். "ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிரும், பாலம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். மத்தியானம் ஆச்சு, ஆளைக் காணோம். போன் போட்டால், திருச்செந்தூரில் இருக்கிறார்களாம், சின்னவனுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம்!

சாயங்காலம் வண்டி திரும்பியது. பையன் தலையில் சந்தனம், வண்டி நெற்றியிலும் சந்தனம், டிக்கியில் ஒரு சாக்குப் பனங்கிழங்கு. சரி, முடிந்தது என்று சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டேன். மனுசன் சாவியை என் கையில் கொடுத்தார்.

"வண்டியில ஒரு குத்தமும் இல்லக்கா, ஆனா மச்சினன் புதுசு வாங்கியிருக்கான், நான் முங்குனதை வாங்குனா ஆயுசுக்கும் பேசியே கொன்னுருவான்."

கடற்காற்று

அடுத்தவர் கடற்கரைப் பக்கத்துக்காரர், சொந்தப் படகு உண்டு. தண்ணீர் என்றதும் சிரித்தார். தண்ணியிலேயே கிடக்கிறவனுக்குத் தண்ணியைக் காட்டுதியளா என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் தன் பழைய காரைக் கொடுத்துவிட்டு, நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதன் தரைவிரிப்பைத் தூக்கினேன். உப்புக்காற்று அரித்து, கீழே எங்கள் கடையின் தரை தெரிந்தது. ஓட்டை என்று காட்டினேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"அது ஓட்டை இல்லக்கா, மழைத் தண்ணி தன்னால வடியும்லா!"

அப்பாவிடம் மட்டும்

மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் எவன் வண்டி எடுப்பான்? அண்ணாச்சி வாசலில் புது ஆள் வேண்டும் என்று எழுதித் தொங்கவிட்டார். அதன் கீழேதான் தினமும் நுழைந்தேன். ராத்திரி மகள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு தம்பி வந்தான். வண்டி பிடித்துவிட்டது, தை முதல் நாளே எடுத்துக்கொள்கிறேன், இப்போதே முன்பணம் தாரேன் என்றான். ஒன்றே ஒன்று: அவன் அப்பா கேட்டால் முங்கவில்லை என்று நான் சொல்லவேண்டும். சரி என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்துவிட்டது. முடியாது தம்பி என்றேன். அவன் போனபிறகு இசக்கி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டான்.

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? நான் ராப்பகலா வேலை பாத்து ஓடவச்ச வண்டியை, நீ வாயாலேயே நிறுத்திப்புடுதியேக்கா!"

கோடு

போகிக்கு முன்னே ஒரு புருசனும் பெண்டாட்டியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆற்றங்கரைத் தெருக்காரர்கள். ஆபீஸ்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கிறார்கள். பாத்திரம் ஏற்ற வண்டி வேண்டும், புதுசு விலை கேட்டுப் பயந்து வந்திருக்கிறார்கள். மார்கழியாச்சே, பரவாயில்லையா என்றேன். "வெள்ளம் நல்ல நாள் பாத்தா வந்துச்சு?" என்றார் அந்தம்மா.

இனி மறைக்க என்ன இருக்கிறது? முங்கின வண்டி என்று சொல்லி, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். இசக்கி எல்லாவற்றையும் மாற்றியிருந்தான், பெல்ட்டை மட்டும் மாற்றவில்லை. அதன் அடியில் சேற்றுத் தண்ணீர் நின்ற கோடு அப்படியே பழுப்பாக இருந்தது. இதுவரைக்கும் தண்ணி ஏறியிருக்கு, பெல்ட்டை மாத்தித் தாரோம், நல்லா யோசிச்சுக்கோங்க என்றேன். புருசன் தயங்கினார். அந்தம்மா கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கையைத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினார். அவர்கள் வீட்டில் தண்ணீர் அதுவரைக்கும் நின்றதாம்.

"வீடும் முங்குச்சுதான், கழுவித் தள்ளிட்டு அதுலதான் சோறு பொங்கித் திங்கோம், காரு மட்டும் என்ன பாவம் செஞ்சுச்சு?"

வண்டி போனது, என் வேலை நிலைத்து நின்றது. ஆனால் இப்போது அண்ணாச்சி ஏலத்தில் முங்கின வண்டியாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வந்து, "நீதான் உண்மையைச் சொல்லி வித்துருவியே தாயி" என்று எல்லாவற்றையும் என் தலையில் கட்டுகிறார்.