ஆறு காலைகள், ஒரு ஆமாம்

பஹ்ரைன் நாட்டு ஐந்நூறு ஃபில்ஸ் நாணயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஆறு வளைந்த தூண்கள் ஒரு முத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். தலைநகரில் நின்ற அந்த முத்துச் சின்னத்தை 2011இல் இடித்தார்கள். பிறகு அது பொறித்த நாணயத்தையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். டெக்சாஸில், இர்விங் அபார்ட்மென்டில், பாஸ்போர்ட் பைக்கு அடியில் அதை ஒளித்து வைத்திருக்கிறேன். யாரிடமிருந்து என்று கேட்டால் எனக்கே சிரிப்பு வரும்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு என்று அதைக் கொடுத்தவர் எங்கள் கம்பெனி ஃபோர்மேன், அந்தத் தீவுக்காரர். நான் அங்கே வருகைப் பதிவு எழுதும் டைம்கீப்பர். வெள்ளிக்கிழமைகளில் தன் பழைய காரில் என்னைச் சுற்றிக் காட்டுவார். பம்பாய்த் தொழிலாளர்களிடம் அவர் பழகிய இந்தியில்தான் பேச்சு. திருநெல்வேலிக்காரனான நான் இந்தி கற்றது ஓர் அரபியிடம். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய கல்லறை மேடுகளைக் காட்டுவார், கடலோரக் கோட்டையைக் காட்டுவார். போர்ச்சுகீசியர் வந்தது, பாரசீகர் வந்தது, பிரிட்டிஷார் வந்தது எல்லாம் நேற்றுப் பக்கத்து வீட்டில் நடந்ததுபோல் சொல்வார். எண்ணெய் கிடைப்பதற்கு முன்னால், மூக்கில் கவ்வி மாட்டிக்கொண்டு முத்துக்குளித்த தன் தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

2011இல் அரசை எதிர்த்து முத்துச் சின்னத்தைச் சுற்றி மக்கள் கூடினார்கள். அவர்களை அடக்க, கடல்பாலம் வழியாக அண்டை நாட்டு ராணுவ வண்டிகள் வந்தன. ஃபோர்மேனின் கிராமத்துச் சாலையை மூடிவிட்டதால் ஆறு நாள் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. ஆறு நாளும் காலையில் எனக்குப் போன் செய்து, காரணத்தைப் பதிவில் எழுதச் சொன்னார். யாரும் யாரையும் நம்பாத நேரம். வராதவர்களையெல்லாம் போராட்டக்காரர்கள் என்று சந்தேகித்தார்கள்; அவருக்காக எழுதினால் என்னையும் அதில் சேர்த்துவிடுவார்களோ என்று நான் எழுதவில்லை.

காரணமின்றி வராதவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. விசாரணையில் அவருக்கு எதிரே என்னை உட்காரவைத்து, போன் வந்ததா என்று மேலாளர் கேட்டார். மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். "நமக்கு எதுக்குங்க வம்பு? விசாவ கேன்சல் பண்ணிட்டா எங்க போறது?" என்று காலையில்தான் அழுதிருந்தாள். ஞாபகமில்லை என்றேன். அன்றோடு ஃபோர்மேனுக்கு வேலை போயிற்று.

போன வாரம் அவர் மகன் எப்படியோ என் எண்ணைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆறு நாளும் போன் செய்தேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் யாரும் நம்புவதில்லை. உண்மைதானா என்று மட்டும் சொன்னால் போதும்.

மனைவியிடம் காட்டினேன். அவள் வேலையை வைத்துத்தான் இங்கே எங்களுக்கு விசா எல்லாம்.

"கிரீன் கார்டு இன்டர்வியூ முடியட்டும்ங்க. இப்போ போனெல்லாம் செக் பண்றாங்களாம்."

பதினான்கு வயது மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஜஸ்ட் சே யெஸ், அப்பா. இட்ஸ் ஒன் வேர்ட்."

ஒரே வார்த்தைதான். செய்தியைத் திறந்ததுமே அங்கே நீல டிக் விழுந்திருக்கும். நான் படித்துவிட்டது அந்த வீட்டுக்குத் தெரியும். ஏழு நாளாயிற்று. இங்கே இவ்வளவு எழுத வருகிறது, அங்கே ஓர் 'ஆமாம்' அனுப்பக் கை வரவில்லை. இதில்கூட அவர் பெயரை எழுதவில்லை. அவருக்குத் தொல்லை வந்துவிடக்கூடாதே என்றுதான் என்று மனைவியிடம் சொன்னேன். படுக்கையில் கிடக்கும் மனிதருக்கு இனி என்ன தொல்லை வரப்போகிறது? பயம் எனக்குத்தான்.