வண்ணார்பேட்டையில் ஒரு வாளித் தண்ணீர்

போன சனிக்கிழமை வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்த அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, ஒரு வாளித் தண்ணி கெடைக்குமா?”

ஃபாரின் சாமான் விற்கிற கடை அது. சென்ட் பாட்டில், டார்ச் லைட், ஃபிளாஸ்க், தலையாட்டுகிற பொம்மை... எல்லாம் இருந்தது. தண்ணீர் மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. அவர் என் செருப்பைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

“கை கழுவணுமாம்மா? அங்கன குழா இருக்கு பாருங்க.”

“கை கழுவ இல்ல. இந்தக் கரண்டு பிரஷ்ஷ முக்கிப் பாக்கணும்.”

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சென்ட் முகர்ந்துகொண்டிருந்த ஒருவர் பாட்டிலை மூட மறந்துவிட்டார்.

இந்த அம்மாவுக்கு என்ன கிறுக்கு என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நீங்களும்தானே? அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா கோமதியைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக: ஸ்கூலில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். சில வருஷங்களாக முடக்குவாதம். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. தடிமனான பொருள் என்றால் உள்ளங்கையில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். மெலிசான பொருள் எதுவும் நிற்காது. பேனா நிற்காது, ஊசி நிற்காது. பல் விளக்குகிற பிரஷ்ஷும் நிற்காது.

அவளுக்குப் பல் விளக்கி விடுவது அத்தான்தான்.

அத்தானுக்குக் கங்கைகொண்டான் பக்கம் ஒரு ஆலையில் ஷிஃப்ட் வேலை. பகல் ஷிஃப்ட் என்றால் பிரச்சினை இல்லை. கிளம்புவதற்கு முன் விளக்கி விட்டுப் போய்விடுவார். நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால்தான் கஷ்டம். காலையில் பஸ் பிடித்து அவர் வீடு வந்து சேருகிறவரை அக்கா காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தால் என்ன, ஒரு காபியைக் குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பல் விளக்காமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. எனக்கும் இறங்காது. காய்ச்சல் வந்து கிடந்த நாளில்கூட எழுந்து போய் விளக்கிவிட்டு வந்துதான் மாத்திரை போட்டிருக்கிறேன்.

நைட் ஷிஃப்ட் வாரங்களில் அக்காவுக்குக் காலைக் காபி என் பொறுப்பு. தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு போவேன். பஸ் நேரத்துக்கு வராது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். தூக்குவாளி பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும். அத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வருவார். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்ற மனுஷர், செருப்பைக் கழற்றிய கையோடு பிரஷ்ஷை எடுப்பார். அதன் பிறகு அக்கா அந்த ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு ஸ்கூலுக்கு ஓடுவாள்.

ஒருநாள் பஸ் ரொம்பவும் லேட். பொறுக்க முடியாமல் சொன்னேன்.

“யக்கா, நான் வெளக்கி விடுதேன். வா.”

“வேண்டாம்ட்டி.”

“ஏன், நான் என்ன மூணாம் மனுஷியா?”

அக்கா மெதுவாகச் சொன்னாள். “அவுகளுக்கு வாயத் தெறந்து காட்டுததே எனக்குக் கூச்சமா இருக்கு. கட்டிக்கிட்ட பாவத்துக்குச் செய்யுதாவ. இதுல நீ வேறயா?”

சுருக்கென்றது. அன்றைக்கே முடிவு செய்தேன். அக்கா தன் பல்லைத் தானே விளக்க வேண்டும். அதற்கு என்ன சாமான் வேண்டுமோ அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

எங்கள் தெருவில் ஒருவருடைய மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு கரண்டு பிரஷ் கொண்டுவந்திருந்தான். போய்ப் பார்த்தேன். அழகான சாமான்தான். ஆனால் நம் ஊர் கரண்டு அதற்கு ஆகாதாம்; நடுவில் ஒரு பெட்டி வைக்க வேண்டுமாம். பெட்டி இட்லிப் பானை அளவுக்கு இருந்தது. விலையைக் கேட்டேன்... கேட்டிருக்கக் கூடாது. அப்புறம் காலையில் கரண்டு போய்விட்டால்? அக்கா அத்தானுக்குப் பதிலாக மின்சார வாரியத்துக்குக் காத்திருப்பதா? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பேட்டரி செல்லில் ஓடுகிற பிரஷ்ஷும் உண்டு என்று தெரிந்தது. செல்லில் ஓடினாலும் நம் ஊரில் அதற்கும் கரண்டு பிரஷ் என்றுதான் பெயர். மெட்ராஸுக்குப் போன ஆபீஸ் தோழியிடம் சொல்லி ஒன்று வரவழைத்தேன். கைப்பிடி தடிமன். கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி சுவிட்ச். விலையும் மலிவு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“வாயில ஷாக் அடிக்காதாட்டி?” என்றாள் அக்கா.

“அடிச்சா டார்ச் லைட்டும் அடிக்கும்லா?”

அன்று அத்தானும் வீட்டில் இருந்தார். அக்கா பிரஷ்ஷை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாள். நனைத்தாள். ரோஸ் கலர் பல்பொடியில் ஒற்றினாள். எல்லாம் சரி. ஆனால் வாயில் வைப்பதற்கு முன்னாலேயே சுவிட்சை அழுத்திவிட்டாள்.

பொடி முழுக்க அத்தானின் வெள்ளைச் சட்டையில். மிச்சம் என் மூக்குக் கண்ணாடியில்.

அத்தான் சட்டையைக் குனிந்து பார்த்தார். “நல்லாத்தான் வெளக்குது,” என்றார்.

அக்கா சிரித்தாள். எவ்வளவு நாள் ஆகியிருந்தது அவள் அப்படிச் சிரித்து... முதலில் வாய், பிறகு சுவிட்ச். அந்தப் பாடத்தை அன்றைக்கே படித்துக்கொண்டாள். அதன் பிறகு அவளே விளக்கினாள். பொடி டப்பாவைத் திறக்க முடியாது என்பதால் ஒரு வேளைக்கு வேண்டிய பொடியை அத்தான் சின்ன மூடியில் கொட்டி வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் உதவி.

நான் இரண்டு தெருவுக்கும் பெருமை அடித்துக்கொண்டேன். அடித்த வாய் மூடுவதற்குள் பிரஷ் நின்றுவிட்டது.

செல் தீர்ந்திருக்கும் என்று புது செல் போட்டேன். ஓடவில்லை. மூடியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது.

“யக்கா, இத எப்படிக் கழுவுத?”

“எப்படிக் கழுவுவாவ? வாளியில முக்கித்தான்.”

“முழுசாவா?”

“பின்ன, பாதியாவா?”

எச்சில் விஷயத்தில் எங்கள் வீடு கொஞ்சம் கறார். டம்ளரில் வாய் வைக்க மாட்டோம், அண்ணாந்துதான் குடிப்போம். வாய்க்குள் போய்வந்த எந்தச் சாமானையும் முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுக்காமல் அலமாரியில் வைக்க மாட்டோம். பிரஷ் செய்த கம்பெனிக்காரனுக்கு இது தெரியுமா? தலையை மட்டும் குழாயில் காட்டிவிட்டுப் போவார்கள் என்று நினைத்துச் செய்திருக்கிறான்.

“யக்கா, தலைய மட்டும் கழுவினாப் போதும்.”

“வாயத் தொடச்ச கையோடதான கைப்பிடியப் புடிக்கேன்? அந்த எச்சிய அப்படியே அலமாரில வைக்கச் சொல்லுதியா? உன்னால முடியுமாட்டி?”

என்னால் முடியாது. செத்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆபீஸில் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து சீட்காரர் ரொம்ப சுலபமாக ஒரு வழி சொன்னார். “உங்க அக்காவக் கொஞ்சம் மாறச் சொல்லுங்க மேடம். காலம் மாறுதுல்லா?”

எனக்குக் கோபம் வந்தது. உள்ளபடியே வந்தது. அக்கா மாறாமலா இருக்கிறாள்? தலை பின்னுவதை விட்டாள். ஊக்கு வைத்த ரவிக்கையை விட்டாள். போர்டில் எழுதுவதை விட்டுவிட்டு, பிள்ளைகளை எழுதச் சொல்லி வாயாலேயே கணக்கு நடத்துகிறாள். வியாதி கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டாள். அம்மா கற்றுக்கொடுத்த சுத்தம் ஒன்றைத்தான் இன்னும் விடாமல் வைத்திருக்கிறாள். அதையும் ஒரு பிளாஸ்டிக் பிரஷ்ஷுக்காக விட வேண்டுமா? மாற வேண்டியது அக்கா இல்லை, பிரஷ்தான்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். ஜங்ஷனில் கடை கடையாக ஏறினேன். தள்ளுகிற சுவிட்ச் என்றால் வேண்டாம். அக்கா கட்டைவிரல் தள்ளாது, அழுத்தத்தான் செய்யும். தனியாகத் தலை வாங்கிப் போட முடியாதென்றால் வேண்டாம். தேய்ந்ததும் மொத்தத்தையும் தூக்கிப் போடவா? நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்காத செல் என்றாலும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கேள்வி: தண்ணீரில் முக்கினால் தாங்குமா?

எல்லாக் கடைக்காரரும் தாங்கும் என்றுதான் சொன்னார்கள். முக்கிக் காட்டுங்கள் என்றால் பேச்சை மாற்றினார்கள். வளைகுடாவிலிருந்து வருகிற சாமான் வள்ளியூரில் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறி அங்கேயும் போனேன். அந்தக் கடைக்காரர் பிரஷ்ஷை ஓடவிட்டு, “செயின், கம்மல் எல்லாம் பளிச்சுனு வெளக்கலாம்” என்றார். பல்லைப் பற்றிக் கேட்டேன். அதைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

இப்படி எல்லாம் சுற்றிவிட்டுத்தான் வண்ணார்பேட்டை அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன்.

“இது பல்லு வெளக்குத சாமான்மா,” என்றார் அவர். “முங்கு நீச்சல் படிக்க வந்த சாமான் இல்ல.”

“எங்க வீட்ல தெனமும் முங்கும் அண்ணாச்சி.”

“வாயில வச்ச சாமானையே நாங்க திருப்பி எடுக்க மாட்டோம்.”

“நான் வாயிலயா வைக்கேன்? வாளியிலதான வைக்கேன்.”

“செத்துப் போச்சுன்னா?”

“செத்ததுக்கும் நான்தான் காசு தருவேன். இந்தக் கடையில எத்தன விதம் இருக்கோ அத்தனையும் முக்கிப் பாத்துட்டுத்தான் போவேன்.”

நான் விளையாட்டுக்குப் பேசவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எழுந்து உள்ளே போய் அவரே ஒரு சிவப்பு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வேடிக்கை பார்க்க ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

ஷோகேஸிலேயே லட்சணமான பிரஷ் முதலில் போனது. வெள்ளை உடம்பு, நீலக் கோடு. ஓடவிட்டு முக்கினேன். மூடியோரமாகக் குமிழ் குமிழாக வந்தது. கர்ர்... கர்... அவ்வளவுதான்.

“போச்சு,” என்றார் சென்ட் முகர்ந்தவர்.

காசை எடுத்துக் கல்லாமேல் வைத்தேன். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் முகத்தில் காட்டவில்லை.

அடுத்தது சாம்பல் நிறத்தில் ஒன்று. பார்க்கச் சகிக்காது. கத்தரிக்காய் மாதிரி குண்டு. யாரும் வாங்காமல் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்தது. அடி மூடி திருகு மூடி. உள்ளே குக்கர் மூடிக்குப் போடுகிற மாதிரி சின்னதாக ஒரு ரப்பர் வளையம். செல் போட்டு, இறுக்கித் திருகி, சுவிட்சை அழுத்தி, வாளியின் அடிவரை கொண்டுபோனேன்.

குமிழ் வரவில்லை. வாளித் தண்ணீர் முழுக்க நடுங்கியது. உள்ளே பிரஷ் ஓடிக்கொண்டே இருந்தது.

வெளியே எடுத்தேன். ஓடியது. மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“இங்க தாங்கம்மா,” என்று அண்ணாச்சி அதை வாங்கித் திருகி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே முக்கினார். எடுத்தார். மறுபடி முக்கினார். இதுவரை அவர் கடையிலேயே இருந்த சாமான். அவருக்கே இப்போதுதான் அறிமுகம் ஆகிறது.

“தாங்குதுல்லா?” என்றார் கூட்டத்தைப் பார்த்து, அவரே செய்தது போல.

விலை, லட்சணமான பிரஷ்ஷைவிடக் குறைவு. அதற்கான தலைகள் எத்தனை வைத்திருந்தாரோ அத்தனையையும் வாங்கிக்கொண்டேன். தீர்ந்தால் வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரை நான் விடப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அத்தானுக்கு நைட் ஷிஃப்ட். திங்கட்கிழமை காலை, அக்கா எப்படியும் பஸ் வரும்வரை காத்திருப்பாள் என்கிற பழைய நினைப்பில், நான் சாவகாசமாகப் பால் காய்ச்சி, டிக்காஷன் இறக்கி, தூக்குவாளியோடு போய்ச் சேர்ந்தேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் அந்தக் குண்டு பிரஷ் சொட்டச் சொட்ட நனைந்து நின்றது.

“காப்பி கொண்டுவர இவ்வளவு நேரமாட்டி? எவ்வளவு நேரமாக் காத்துக் கெடக்கது?”

ஜென்மத்தில் எந்தத் திட்டும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அண்ணாந்து குடித்தாள். ஆவி பறக்கிற காபி. “சுடுது,” என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் அத்தான் தலை தெரிந்தது. வழக்கம்போல ஓட்டமும் நடையும். நடந்துவரும்போதே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.

“பைய வாங்க. நான் காப்பி குடிச்சாச்சு.”

அத்தான் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பிரஷ்ஷைப் பார்த்தார், காலி டம்ளரைப் பார்த்தார். மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, அந்தத் தெருவில் ஓடாமல் நடந்து வந்தார்.

நல்ல கரண்டு பிரஷ் வாங்குவது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், இனிமேல் ஒரே பதில்தான் — போகும்போது ஒரு வாளி எடுத்துக்கொண்டு போங்கள்.