வலது பக்கத்து ஸ்டியரிங்

அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். பத்து வயதில் எனக்கே தெரிந்த சங்கதி. அந்தக் காரை வருஷக்கணக்காக ஓட்டிய என் சித்தப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். தெரிந்தேதான் செய்தார். அதனால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம். தெரியாமல் செய்கிறவர்களை விட்டுவிடலாம், தெரிந்து செய்கிறவர்களுக்குச் சோற்றைப் போட்டு உட்கார வைத்துத் திட்ட வேண்டும் என்பாள் அம்மா. அந்த விஷயத்தில் நான் இன்றைக்கும் அம்மா கட்சி.

இப்போதும் என் வீட்டுக்கு வருகிறவர்கள் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் காரைக் குனிந்து பார்த்துவிட்டு, ஏதோ கண்டுபிடித்தவர்கள் மாதிரி, "இது ஸ்டியரிங் தப்பா இருக்கே" என்கிறார்கள். எனக்குத் தெரியாதா? பார்த்துப் பார்த்துப் பொருமினவள் நான்தானே.

அப்போது நாங்கள் கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை. மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி, பால்கனியில் குளிர்காலத்துக்கு மூட்டை கட்டி வைத்த கூலர். அந்த வீட்டுக்குத்தான் சித்தப்பா வந்து சேர்ந்தார். மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடலுக்கு அந்தாண்டை எல்லாமே துபாய். சித்தப்பா இருந்தது குவைத். லீவில் வந்தவர் ஊருக்குப் போய்ச் சித்தியையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, விமானம் ஏறுவதற்கு நாள் இருக்கும்போதே தில்லிக்கு வந்துவிட்டார். ஏன் இவ்வளவு முன்னாடி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டுக்குத் தம்பி வருவதற்குக் காரணம் வேண்டுமா என்ன?

வரும்போது எனக்கு ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். அவருடைய முதலாளிக்குப் பழைய அமெரிக்கக் கார்கள் என்றால் பைத்தியமாம். கொட்டகை நிறைய வாங்கி நிறுத்தியிருந்தாராம். அவற்றைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வெள்ளிக்கிழமைகளில் வெளியே எடுத்து ஓட்டுவது சித்தப்பா வேலை. முதலாளி வீட்டுப் பையன் சின்ன வயதில் வாங்கிப் பிரிக்காமலே போட்டுவிட்ட, துண்டுகளை ஒட்டிச் செய்யும் பொம்மைக் கார்ப் பெட்டி ஒன்று கொட்டகை மூலையில் கிடந்து, கடைசியில் எனக்கு வந்தது. மேல் அட்டையில் தக்காளிச் சிவப்பில் ஒரு கார். படகு நீளம். பின்னால் மீன் வால் போல இரண்டு இறக்கை.

"இந்த வண்டியத்தான் பாப்பா நான் ஓட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் சித்தப்பா.

"இருந்தேன் என்னடா? இருக்கேன்னு சொல்லு" என்று திருத்தினார் அப்பா. சித்தப்பா சிரித்தார்.

பெட்டியைத் திறந்ததும் என் முதல் ஆத்திரம் ஆரம்பித்தது. அட்டையில் தக்காளிச் சிவப்பு. உள்ளே ஆறின பால் ஆடை நிறம். கொட்டகைச் சூட்டில் காரின் உடல் முறுக்கிக்கொண்டு கிடந்தது. தரையில் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு, நாய் மின்கம்பத்தைப் பார்த்தது மாதிரி நின்றது. பானெட்டு அதற்கென்று விட்டிருந்த இடத்தைவிடப் பெரியது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் முறுக்கு அச்சில் மாவு பிதுங்கின மாதிரி பிசிறு. வெள்ளிப் பூச்சு தொட்டால் கையோடு வந்தது. பசைக் குழாய் கல்லாகி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த டாஷ்போர்டு. அச்சில் ஊற்றும்போதே இடது மூலைவரை பிளாஸ்டிக் போய்ச் சேரவில்லை. ஸ்டியரிங் நிற்க வேண்டிய இடத்தில் எலி கடித்த அப்பளம் மாதிரி ஒரு பள்ளம்.

படத்தில் ஒன்றைக் காட்டிப் பெட்டிக்குள் வேறொன்றை வைத்து விற்க அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி மனசு வந்தது? கேட்டால் சித்தப்பா, "மூடியப் பாத்துதானேம்மா எல்லாரும் கெளம்புறோம்" என்றார். அது எனக்குப் பதிலாகவே படவில்லை.

எனக்கு அவசரம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வரப்போகிறது, வீட்டில் நாமே செய்த பொருளைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அமெரிக்கக் கார் கொண்டுவருகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். மதராஸிப் பெண் சும்மா அளக்கிறாள் என்று பின் பெஞ்சில் பேச்சு. அந்தக் கார் எழுந்து நான்கு சக்கரத்தில் நின்றால்தான் எனக்கு மானம்.

சித்தப்பா வேலையை ஆரம்பித்தார். அம்மாவின் இட்லிப் பானையில் வெந்நீர் வைத்து, முறுக்கிக் கிடந்த உடலை அதில் முக்கி எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவில் நெரித்துக் கட்டினார். அம்மா கதவோரம் நின்று பார்த்தாள்.

"ஏன் தம்பி, கார் அவிக்கிறதுக்கு என் பானைதான் கெடச்சுதா? வெந்துடுச்சான்னு குத்தி வேற பாக்குறீங்க."

"இன்னும் கொஞ்சம் வேவணும் அண்ணி. சட்னி வேணா அரைச்சு வைங்க."

பிசிறுகளை உப்புத்தாள் வைத்து நானே தேய்த்தேன். பானெட்டின் ஓரத்தை அவர் மயிரிழை மயிரிழையாகச் சீவினார். கரோல் பாக்கிலிருந்து வாங்கி வந்த பசை ஒட்டியது என்னவோ உண்மை. ஒட்டின வேகத்தில் அதன் ஆவி பட்டு முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். சித்தப்பா கண்ணாடியைத் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "தில்லி வண்டின்னா மார்கழிப் பனி வேணாமா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அதையும் அவர் குற்றக் கணக்கில் பிறகு சேர்த்துக்கொண்டேன்.

காலை நேரங்களில் சித்தப்பா வீட்டில் இருக்க மாட்டார். கீழ்வீட்டு சர்தார்ஜி அங்கிளுக்குக் கடைகளுக்கு ரொட்டி போடும் வேலை. ஒரு பழைய வேன் வைத்திருந்தார். ஏதோ ஒரு பெரிய ஆபீஸில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொன்னவரே அவர்தான். ஓட்டிப் பழகட்டும் என்று வேனையும் கொடுத்தார். வந்த புதிதில் சித்தப்பா சாவியை வாங்கிக்கொண்டு, குவைத் பழக்கத்தில் நேராகப் போய் இடது பக்கக் கதவைத் திறப்பார். உள்ளே பார்த்தால் ஸ்டியரிங் இருக்காது. "உதர் நஹி, பாயி சாப்" என்று சர்தார்ஜி அங்கிள் எதிர்ப்பக்கம் கை காட்டுவார். சித்தப்பா விட்டுக்கொடுக்காமல், அந்தப் பக்கத்து டயரைக் காலால் ரெண்டு தட்டு தட்டி, அதற்காகவே வந்தவர் மாதிரி வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போவார். பால்கனியில் நின்று நானும் அம்மாவும் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்காகவே நான் சீக்கிரம் பல் தேய்த்த நாட்கள் உண்டு.

அம்மாவிடம் இன்னொரு சிரிப்புக் கதையும் இருந்தது. வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அதைக் காப்பியோடு கொடுப்பாள். சித்தப்பா ஊருக்குப் போய் இறங்கியதும் அவருடைய மகள் சித்தியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டதாம். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சித்தப்பாவும் கூடவே சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் சிரித்தார்.

கண்காட்சிக்கு முதல்நாள் நான் பள்ளிவிட்டு வந்தேன். மேஜைமேல் கார் முழுசாக நின்றது. நான்கு சக்கரமும் தரையில். தக்காளிச் சிவப்புக்கு ஓரளவு கிட்டத்தில் வந்துவிட்ட ஒரு சிவப்பு. பானெட்டு மூடியது. சந்தோஷத்தில் கிட்டே போய், பனி பூத்த கண்ணாடி வழியாகக் கண்ணைச் சுருக்கி உள்ளே பார்த்தேன். எலி கடித்த பள்ளம் இல்லை. பிளாஸ்டிக் துண்டை உருக்கி, நிரப்பி, சுவர் பூசினது மாதிரி வழவழவென்று அடைத்திருந்தார். எதிர் மூலையில், ஒரு குறையும் இல்லாத வலது பக்கத்தில், ஊசியைச் சுட்டு ஓட்டை போட்டு ஸ்டியரிங்கை நட்டிருந்தார்.

"சித்தப்பா, இது உல்டா."

"இருக்கட்டும் பாப்பா."

"அட்டையில லெஃப்ட்லதான இருக்கு?"

"ஆமா, அட்டையில அப்படித்தான்."

கூரையை ஒட்டியாகிவிட்டது. கரோல் பாக் பசை. இனிமேல் பிரித்தால் கார் இருக்காது. என்னுடைய கார். என்னைக் கேட்காமல், நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, வேறு யாரோ முடிவு செய்து ஒட்டிவிட்டார்கள். அன்றைக்கு நான் டிஃபன் சாப்பிடவில்லை. கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? இதைத்தான் அம்மாவிடம், அப்பாவிடம், கீழே இறங்கிப் போய் சர்தார்ஜி அங்கிளிடம் கேட்டேன். "கேக்கணும் பேட்டா, கேக்காம செய்யக் கூடாது" என்று இந்தியில் சொல்லிவிட்டு அவர் எனக்கு ஒரு பன் கொடுத்தார்.

மறுநாள் கண்காட்சியில் பரிசு கொடுக்க வந்தவர் வெளிநாடெல்லாம் சுற்றின பெரிய அதிகாரி. என் மேஜைக்கு முன்னால் அவர் மற்ற எல்லா மேஜையையும்விட அதிக நேரம் நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் குனிந்தார். "வேலை ரொம்ப சுத்தம். ஆனா இப்படி ஒரு வண்டி அமெரிக்காவுல கிடையாதே பேட்டா" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். டீச்சரும் சிரித்தாள். பின் பெஞ்ச் மொத்தமும் சிரித்தது. பரிசு ஒரு தெர்மகோல் இந்தியா கேட்டுக்குப் போயிற்று. ஓரத்தில் விலைச் சீட்டு ஒட்டியிருந்த இந்தியா கேட். எனக்கு இன்றைக்கும் தெர்மகோல் ஆகாது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் நான் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா தோசையைப் பிய்த்துக்கொண்டே, "ஏன்டா, அந்த ஊர் வண்டிக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம்னு அதுக்குள்ள மறந்துட்டியா?" என்றார்.

"மறக்கலண்ணே. மாத்துனேன்."

"எதுக்கு?"

சித்தப்பா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இந்த ஊர் ரோட்டுல ஓடணும்ல பாப்பா."

"அது எங்கயும் ஓடாது. பொம்மை" என்றேன்.

அப்பா வேறு பேச்சுக்குப் போனார். ஆபீஸ் வேலைக்கு ஓட்டிக்காட்டும் தேதி, டிக்கெட் தேதிக்கு அப்புறம்தான் வருகிறதாம். வருகிற சம்பளத்தை விட்டுவிட்டு வராத வேலைக்கு யாராவது நிற்பார்களா, ஊரில் வீடு கூரை போடாமல் நிற்கிறது, கம்பியெல்லாம் துருப்பிடிக்கிறது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அம்மா, "ஆமா தம்பி, இப்ப நல்லாத்தான இருக்கீங்க" என்று சொல்லி அவருக்கு இன்னொரு தோசை வைத்தாள். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. சித்தப்பாவின் நல்லதுக்குத்தான் பேசினார்கள். ஆனால் இப்போது நினைத்தாலும் எனக்குக் காந்துகிறது. கீழ்வீட்டுக்காரர்கூட என்னுடைய பிளாஸ்டிக் காருக்காகக் கேட்டிருக்க வேண்டும் என்றார். அந்தச் சாப்பாட்டில் "உனக்கு என்னடா வேணும்?" என்று ஒருவர், ஒரே ஒருவர், வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். சித்தப்பாவுக்கு அந்தத் தோசைகூட வேண்டாம் போலத்தான் இருந்தது. சாப்பிட்டார்.

கிளம்பும் நாள் காலையில் பனி. எதிர் பிளாக் தெரியவில்லை. கறுப்பு மஞ்சள் டாக்ஸி விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றது. நைலான் கயிறு சுற்றிய பெட்டியை சர்தார்ஜி அங்கிள் டிக்கியில் ஏற்றினார். அப்பாவும் அம்மாவும் சால்வையோடு கீழே நின்றார்கள். நானும் நின்றேன், ஆனால் சித்தப்பாவோடு பேசாமல். கண்காட்சி முடிந்த நாளிலிருந்து அப்படித்தான். அவர் என் தலையில் கை வைத்து, "வர்றேன் பாப்பா. வண்டியப் பாத்துக்க" என்றார். நான் பனியைப் பார்த்தேன்.

எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, சித்தப்பா விறுவிறுவென்று டாக்ஸிக்குப் போனார். நேராக வலது பக்கம் போய் முன் கதவைத் திறந்தார். உள்ளே டாக்ஸிக்காரர் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார்.

"க்யா பாயி சாப், ஆப் சலாயேங்கே?" என்றார் அவர். நீங்களே ஓட்டுறீங்களா என்று.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சர்தார்ஜி அங்கிள் மட்டும் டிக்கியை மூடிவிட்டு, மூடின கையை எடுக்காமல் நின்றார். சித்தப்பாவும் சிரித்தார். கதவை மெதுவாகச் சாத்தி, முன் டயரைக் காலால் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இந்த மனுஷனுக்கு எந்த ஊரிலும் எந்தப் பக்கம் என்றே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். வந்த புதிதில் சர்தார்ஜி அங்கிளின் வேனில் அந்தக் கை இடது பக்கக் கதவுக்குத்தான் போகும் என்பது என் ஞாபகத்துக்கு வரவே இல்லை.