மாநாட்டில் பேசிய மீன்காரம்மா

எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஜனநாயகம், மனித உரிமை, உலகப் பிரச்சினைகள் என்று பேசுவதற்காக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு நாட்டில் கூடுகிறவர்கள், அந்தத் தடவை மெட்ராஸுக்கு வந்திருந்தார்கள். அடையாறில் ஒரு பெரிய ஹாலில் மூன்று நாள் மாநாடு.

நான் தி. நகரில் ஒரு வக்கீல் ஆபீஸில் ஸ்டெனோ. வயது இருபத்தாறு. இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் பண்ணியிருந்ததால் பேச்சைக் குறிப்பெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் கையை மிஞ்சிப் பேசுகிறவர் யாரும் இல்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு. அரை டஜன் பென்சிலைச் சீவிக்கொண்டு மைலாப்பூர் வீட்டிலிருந்து பஸ் ஏறினேன்.

இரண்டாம் நாள் காலை, பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மாவைப் பேச அழைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த நீலப் புடவை, தலை நிறைய கனகாம்பரம். அன்றைய அமர்வுக்குத் தலைவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண் வக்கீல். மீன்காரம்மாவின் பேச்சை இங்கிலீஷில் சொல்ல ஒரு கல்லூரிப் பேராசிரியர். மேடைக்குக் கீழே, கையெட்டும் தூரத்தில் நான்.

அந்த அம்மாவுக்கு மைக்கைக் கண்டு பயமில்லை.

"வோட்டு கேக்க வரப்ப எங்க ஊட்டாண்ட வந்து குந்திக்கினு பேசறாங்க. அப்ப எங்க மேல நாத்தம் வர்ல. அதே நாங்க கூடைய தூக்கிக்கினு பஸ்ஸுல ஏறுனா, நாத்தம், எறங்கு எறங்குன்றாங்க. நடு ரோட்ல எறக்கி வுட்டுட்டான் ஒருத்தன். மீனு கெட்டுப்போச்சு. எங் கையில டிக்கெட் கீது. அப்புறம் இன்னாத்துக்கு எறங்கணும்?"

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மீனவர்களுக்குப் போக்குவரத்து வசதி மேலும் பெருக வேண்டும் என்று இவர் விரும்புகிறார் என்று அழகான இங்கிலீஷில் சொல்லி முடித்தார். சபை மெதுவாகக் கைதட்டியது.

மீன்காரம்மா என் பக்கம் குனிந்தார். "ஏம்மா, நான் இம்மாம் பேசுனேன், ஐயா அவ்ளோண்டு சொல்றாரே. நான் சொன்னத்த சொன்னாரா?"

நான் குறிப்பெடுக்க வந்தவள், பேச வந்தவள் இல்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. "இல்லம்மா" என்றேன். அது மைக்கில் விழுந்து ஹால் முழுக்கக் கேட்டது.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன விஷயம் என்று இங்கிலீஷில் என்னைக் கேட்டார். நான் எழுந்தேன். "இந்த அம்மா சொன்னது என் நோட்டில் அப்படியே இருக்கிறது. படிக்கட்டுமா?" என்றேன். படிக்கச் சொன்னார்.

நோட்டிலிருந்த தமிழ் ஷார்ட்ஹேண்ட் கோடுகளைப் பார்த்து வாக்கியம் வாக்கியமாக இங்கிலீஷில் சொன்னேன். வோட்டு வாக்கியத்துக்குச் சிரித்தவர்கள் டிக்கெட் வாக்கியத்துக்குச் சிரிக்கவில்லை. தலைவர் கேட்டார்: "இறக்கிவிட்டால் என்ன செய்வீர்கள்?" நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"அடுத்த பஸ்ஸுல ஏறுவேன்" என்றார் மீன்காரம்மா.

அதற்குப் பிறகு அந்த அமர்வு முடியும்வரை அவருக்கு நான்தான் மொழிபெயர்த்தேன்.

டீ இடைவேளையில் பேராசிரியர் என்னிடம் வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். "வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நம்ம மானம் போகக் கூடாதேன்னுதான் அப்படிச் சொன்னேன்மா" என்றார், தாழ்ந்த குரலில்.

"அவங்க பேசினதுல மானம் போக என்ன சார் இருக்கு?"

மதியம் ஒரு நெசவாளர் பேச வந்தபோது, பேராசிரியர் மேடையில் தன் நாற்காலியைக் காட்டி, "நீங்களே உக்காருங்க" என்றார்.

மீன்காரம்மா கிளம்பும்போது என் நோட்டைத் தொட்டுப் பார்த்தார். "நான் பேசினது இதுலதான் கீதா? அத்த எனக்குத் தமிழ்ல அடிச்சுக் குடு." மறுநாள் டைப் அடித்துக் குப்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. குப்பத்துப் பெண்கள் அதன் அடியில் ரேகை வைத்து, பஸ் அதிகாரியைப் பார்க்கக் கும்பலாகப் போனார்கள். முதல் தடவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை உள்ளே விட்டார்கள். மழைக்காலம் வருவதற்குள், காலையில் முதல் இரண்டு பஸ்ஸில் பின்பக்கம் கூடை வைக்கலாம் என்று உத்தரவாயிற்று. "ரெண்டு பஸ்ஸு பத்தாது, இன்னும் கேப்போம்" என்றுதான் அந்த அம்மா அந்தச் செய்தியை எனக்குச் சொன்னார்.

அடுத்த மாநாடு வேறொரு நாட்டில் நடந்தது. மொழிபெயர்ப்பாளராக வரும்படி எனக்குக் கடிதம் வந்தது. வக்கீலிடம் லீவு கேட்டேன். "போயிட்டு வாங்க, அப்புறம் இங்க வருவீங்களான்னுதான் தெரியல" என்று சிரித்தார். அவர் சொன்னது சரி. மொழிபெயர்ப்பையே தொழிலாக எடுத்துக்கொண்டு, திரும்பி வந்த மாதமே அந்த ஸ்டெனோ வேலையை விட்டுவிட்டேன்.